குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமல்: அடையாளம் காண்பது முதல் தேறி வரும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கக்குவான் இருமல் என்றதும், இருமி இருமி முகம் சிவந்து, கடைசியில் 'ஊப்' என்று மூச்சை இழுக்கும் குழந்தைதான் நம் நினைவுக்கு வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் உடனே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த நோயால் உயிருக்கு அதிக ஆபத்து உள்ள குழந்தை பெரும்பாலும் அந்தச் சத்தத்தை எழுப்புவதே இல்லை. இரண்டு மாதக் கைக்குழந்தைக்கு அப்படி இழுத்து மூச்சு வாங்கும் தெம்பு கிடையாது. சில நேரம் அது இருமக்கூட இருமாது. மூச்சு நின்றுபோகும், உதடு நீலம் பாரிக்கும், அவ்வளவுதான். வீட்டில் யாருக்கு இருமல், எத்தனை நாளாக இருமல், கைக்குழந்தை எப்படி மூச்சு விடுகிறது என்று கவனிக்கும் கண்தான் இந்த நோயில் பெரிய மருந்து. இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றியே போகும்.

முதலில் இதைப் படியுங்கள்: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

- உதடு, நாக்கு, முகம் நீலமாகவோ சாம்பல் பூத்தது போலவோ மாறுவது
- மூச்சு சில நொடிகள் நின்று நின்று வருவது
- இருமி முடித்ததும் குழந்தை துவண்டு போவது, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடப்பது
- வலிப்பு
- இருமல் இல்லாத நேரத்திலும் வேகமாக மூச்சு வாங்குவது, விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது
- பால் குடிக்க மறுப்பது, ஆறேழு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமல் இருப்பது

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டாம். கக்குவான் என்ற சந்தேகம் ஒன்றே போதும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வண்டி வரும் வரை குழந்தையை நிமிர்த்திப் பிடியுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரலை விட்டுச் சளியைத் தோண்டவும் வேண்டாம். மூச்சு நின்றதுபோல் இருந்தால் உள்ளங்காலைச் சுண்டுங்கள், முதுகை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். 108-இல் பேசுகிறவர்கள் அடுத்து என்ன செய்வது என்று சொல்வார்கள், இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.

படி 1: நோய் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்ற பாக்டீரியாவால் வருகிறது. 1906-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜூல் போர்தே, ஒக்தாவ் ஜாங்கூ என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. காற்றில் ஆடும் நாற்றுபோல ஒரே பக்கமாக அசைந்து, சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. இந்தக் கிருமி நேராகப் போய் அந்த மயிரிழைகளில்தான் ஒட்டிக்கொள்கிறது. அது விடும் நச்சு அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. தள்ள ஆளில்லாமல் பசைபோன்ற சளி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை வெளியேற்றக் குழந்தைக்கு இருமலைத் தவிர வேறு வழி இல்லை.

கிருமி செத்த பிறகும் அந்த மயிரிழைகள் பழையபடி வளர வாரக்கணக்கில் ஆகும். மருந்து கொடுத்தும் இருமல் நிற்கவில்லையே என்று பெற்றோர் தவிப்பதற்குக் காரணம் இதுதான். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளால் இது பரவுகிறது. கிருமி உள்ளே போன பிறகு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அறிகுறி தெரியும். சிலருக்கு மூன்று வாரம் வரைகூட ஆகலாம். அதன்பின் நோய் மூன்று கட்டமாகப் போகும்.

முதல் கட்டம் ஒன்று முதல் இரண்டு வாரம். மூக்கு ஒழுகும், தும்மல், லேசான இருமல், காய்ச்சல் இருந்தாலும் மிகக் குறைவு. சாதாரணச் சளியிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் நோய் அதிகமாகப் பரவுவது இந்தக் கட்டத்திலும் அடுத்த கட்டத்தின் தொடக்கத்திலும்தான். ஒரே வீட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் இருந்தால் எட்டு, ஒன்பது பேருக்கு ஒட்டிவிடும் அளவுக்கு வேகம்.

இரண்டாவது கட்டம் அடுக்கிருமல். ஒரு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை, சிலருக்குப் பத்து வாரம்கூட நீளும். சாதாரணச் சளி என்றால் இரண்டாவது வாரத்தில் குறைய ஆரம்பிக்க வேண்டும். இது அப்போதுதான் ஏறும்.

மூன்றாவது கட்டத்தில் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். எல்லாம் சேர்த்து மூன்று மாதம் ஓடிவிடும். நூறு நாள் இருமல் என்று சீனாவில் இதற்குப் பெயர் வைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

படி 2: இருமலை நன்றாகக் கவனியுங்கள், எழுதிவையுங்கள்

அடுக்கிருமல் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நேரில் பார்த்தவர்கள் இப்போது குறைவு. மூன்று வயதுக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். திடீரென்று கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு உங்களை நோக்கி ஓடி வரும், அல்லது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். இருமல் வரப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். பிறகு ஒரே மூச்சில் ஐந்து, பத்து, அதற்கும் மேலே, நடுவில் மூச்சே எடுக்காமல் இருமல் அடுக்கடுக்காக வரும். முகம் சிவக்கும், கண் பிதுங்கும், நாக்கு வெளியே நீளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டும். நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் தீர்ந்தபின் அந்த 'ஊப்' சத்தத்தோடு காற்று உள்ளே போகும். அடுத்து இன்னொரு அடுக்கு. கடைசியில் கெட்டியான, நூல்போல இழுபடும் சளி வெளியே வரும், பெரும்பாலும் சாப்பிட்டதும் சேர்ந்து வாந்தியாகிவிடும். வேர்த்து, சோர்ந்து உட்கார்ந்துவிடும்.

அப்புறம் பத்து நிமிடத்தில் எழுந்து விளையாடப் போய்விடும்.

இதனால்தான் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது சிக்கல் வருகிறது. ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கும். காய்ச்சல் இருக்காது. குழந்தை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "ராத்திரியெல்லாம் பார்க்கவே முடியலை டாக்டர்" என்று அம்மா சொன்னால், நூறு பேர் காத்திருக்கும் வெளிநோயாளிப் பிரிவில் அது வழக்கமான புகாராகத்தான் காதில் விழும். எனவே அடுத்த முறை இருமல் வரும்போது வீட்டில் ஒருவர் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் செல்பேசியில் படம் எடுங்கள். சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், முகம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அரை நிமிடம் போதும். பத்து நிமிட விளக்கத்தைவிட அந்தப் படம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

கூடவே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: இன்றைக்கு எத்தனை முறை அடுக்கிருமல் வந்தது, எத்தனை முறை வாந்தி, நிறம் மாறியதா, எது தூண்டியது (அழுகையா, சாப்பாடா, குளிர்ந்த காற்றா), இரவில் எத்தனை முறை எழுந்தது. இரவில்தான் இது அதிகம். எழுதிவைத்தால் நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது உங்களுக்கே புரியும்.

இன்னும் சில தடயங்கள் உண்டு. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தத் திட்டு, கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், நாக்குக்கு அடியில் இருக்கும் மெல்லிய சதை மடிப்பு கீழ்ப்பல்லில் உரசிப் புண்ணாவது. எல்லாம் இருமலின் அழுத்தத்தால் வருபவை. கண் திட்டு பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தானாகக் கரைந்துவிடும்.

வேறு எதுவாக இருக்கலாம்? நாய் குரைப்பது போன்ற கரகரத்த இருமல் என்றால் குரல்வளை வீக்கம். மூச்சை விடும்போது விசில் சத்தம் கேட்டால் ஆஸ்துமாவோ, கைக்குழந்தைகளுக்கு வரும் வைரஸ் மூச்சுச் சிறுகுழல் அழற்சியோ இருக்கலாம். நன்றாக இருந்த குழந்தைக்கு விளையாடும்போது சட்டென்று இருமல் பிடித்தால் வேர்க்கடலையோ பொத்தானோ மூச்சுக்குழாயில் போயிருக்கலாம், அது அவசரம். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு எடைக் குறைவும் காய்ச்சலும் இருந்தால் காசநோய்க்கும் சோதிக்க வேண்டும். மருத்துவர் இவற்றையெல்லாம் மனதில் வைத்துத்தான் பார்ப்பார், நீங்கள் முடிவுக்கு வர வேண்டியதில்லை.

படி 3: கைக்குழந்தை இருந்தால் கணக்கே வேறு

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் மேலே சொன்ன எதையும் எதிர்பார்க்காதீர்கள். சளிப்பிடித்த கட்டம் ஓரிரு நாளில் முடிந்துவிடலாம், கண்ணில் படாமலே போகலாம். பால் குடிக்கும்போது திணறுவது, கக்குவது, முகம் சிவந்து பிறகு நீலமாவது, கண்ணை அகலத் திறந்து கை கால் விறைப்பது, சட்டென மூச்சு நிற்பது என்று வரும். 'பால் புரையேறிவிட்டது' என்று நினைத்து உச்சந்தலையில் தட்டிவிட்டு விட்டுவிடுவோம். ஒரு முறை என்றால் புரையேறியதாக இருக்கலாம். வீட்டில் யாரோ இருமிக்கொண்டிருக்க, குழந்தைக்கு இப்படி இரண்டாவது முறை வந்தால் அதைப் புரை என்று சொல்லிச் சமாதானம் ஆகாதீர்கள்.

அமெரிக்காவில் கிடைக்கும் கணக்குப்படி, இந்த நோய் வரும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒன்று மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறது. அப்படிச் சேர்க்கப்படும் குழந்தைகளில் பாதிக்கும் மேலே மூச்சு நின்று நின்று வருகிறது, ஐந்தில் ஒன்றுக்கு நிமோனியா, நூற்றில் ஒன்று இறந்துவிடுகிறது. இறப்பவர்களில் பெரும்பாலானவை இரண்டு, மூன்று மாதம்கூட ஆகாத குழந்தைகள்.

சின்னக் குழந்தைக்குக் கக்குவான் என்று சந்தேகப்பட்டால் மருத்துவர்கள் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்வார்கள். "வெறும் இருமலுக்கு எதுக்கு அட்மிஷன்?" என்று வீட்டில் கேள்வி வரும். மூச்சு நிற்பது எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது என்பதுதான் பதில். அங்கே விரலில் மாட்டும் கருவியால் ஆக்சிஜன் அளவை இரவு பகலாகப் பார்ப்பார்கள், சளியை உறிஞ்சி எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஆக்சிஜன் கொடுப்பார்கள், குடிக்க முடியாவிட்டால் மூக்குவழிக் குழாயில் பால் தருவார்கள். இந்த வயதில் மருத்துவமனைக் கட்டில்தான் பாதுகாப்பான இடம், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

படி 4: மருத்துவரிடம் என்ன சொல்வது, என்ன சோதனை

நான்கு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இருமல் தொடங்கிய தேதி, தடுப்பூசி எத்தனை தவணை போட்டது (அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்), வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் யாருக்காவது நீண்ட இருமல் இருக்கிறதா, வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிறார்களா. கடைசிக் கேள்விக்கான பதிலை வைத்துச் சிகிச்சையின் வேகமே மாறும்.

மெல்லிய குச்சியை மூக்கின் பின்பகுதி வரை விட்டு எடுக்கும் மாதிரியில் பிசிஆர் சோதனை செய்வார்கள். கொரோனாக் காலத்தில் எல்லோரும் பார்த்த அதே முறைதான். இருமல் தொடங்கிய முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள் எடுத்தால்தான் இது சரியாகக் காட்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல நேரம். ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு எடுத்தால் பலன் குறையும் என்பதால், மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

சாதாரண ரத்தப் பரிசோதனையும் உதவும். இந்த நோயில் வெள்ளணுக்கள், அதிலும் லிம்போசைட் வகை, மிகவும் ஏறும். மைக்ரோலிட்டருக்கு 30,000-ஐத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தின் அடையாளம்: அத்தனை அணுக்களும் நுரையீரலின் சின்ன ரத்தக் குழாய்களை அடைத்து இதயத்துக்குச் சுமையாகிவிடும்.

எல்லா ஊரிலும் பிசிஆர் கிடைக்காது, முடிவு வரவும் நாளாகும். அறிகுறி பொருந்தினால் முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவர் மருந்தை ஆரம்பித்துவிடுவார். அது சரியான முறைதான்.

படி 5: மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது

பெரும்பாலும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் தருவார்கள், 5 நாள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எரித்ரோமைசின் கொடுத்தால் இரைப்பையின் வாசல் தடித்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் அதைத் தவிர்ப்பார்கள். அசித்ரோமைசினிலும் அந்த வயதில் விடாமல் வாந்தி வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

சளிப்பிடித்த முதல் கட்டத்தில் கொடுத்தால் நோயின் கடுமை குறையும். அடுக்கிருமல் ஆரம்பித்த பின் கொடுத்தால் இருமல் பெரிதாகக் குறையாது, ஆனால் மற்றவர்களுக்குப் பரவுவது நிற்கும். மருந்து தொடங்கி 5 நாள் முடிந்தால் குழந்தையிடமிருந்து நோய் பரவாது. மருந்தே கொடுக்கவில்லை என்றால் இருமல் தொடங்கியதிலிருந்து 21 நாள் தனியாக வைக்க வேண்டியிருக்கும். அதனால், "குடுத்தும் கேட்கலையே" என்று மூன்றாம் நாளில் நிறுத்தவும் வேண்டாம், வேறு மருத்துவரிடம் போய் இன்னொரு ஆன்டிபயாட்டிக் வாங்கவும் வேண்டாம்.

இருமல் சிரப் இந்த நோய்க்குப் பயன்படாது. கடைகளில் கிடைக்கும் கலவைச் சிரப்புகள் சின்னக் குழந்தைகளைத் தூக்கத்தில் ஆழ்த்தும், சளியை வெளியேற்ற முடியாமல் செய்யும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் நச்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதை ஒட்டி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தர வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. மூத்த குழந்தைக்கு வாங்கி மீதமான பாட்டிலை எடுத்து இளையதுக்கு ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

படி 6: வீட்டில் பார்த்துக்கொள்வது

இருமல் வரும்போது குழந்தையை மடியில் உட்கார வைத்து, சற்று முன்பக்கம் சாய்த்து, நெற்றியையும் வயிற்றையும் கையால் தாங்குங்கள். மல்லாக்கப் படுக்க வைத்திருந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நீங்கள் பதறாமல் இருப்பதும் முக்கியம், பதற்றம் குழந்தைக்குத் தொற்றி அழ ஆரம்பித்தால் அடுத்த அடுக்கு வந்துவிடும்.

சாப்பாட்டுக்கு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய அடுக்கிருமல் முடிந்த கையோடு அடுத்தது வரக் கொஞ்சம் இடைவெளி இருக்கும். குழந்தை மூச்சு வாங்கி அமைதியானதும் ஊட்டினால் உள்ளே போனது தங்கும். வயிறு முட்ட ஒரே வேளையில் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, எட்டுப் பத்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குழைந்த சாதம், இட்லி, கஞ்சி, மசித்த வாழைப்பழம் போன்று மென்மையாக இருக்கட்டும். முறுக்கு, பொரி, மிக்சர் போல உதிரும் பண்டம் தொண்டையில் பட்டாலே இருமலைக் கிளப்பும். வாந்தி எடுத்துவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி கொடுங்கள். இந்த நோயில் எடை குறைவது சகஜம், வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதையே அடிக்கடி, குறைந்த நேரம் கொடுங்கள்.

வீட்டில் புகை கூடாது. சிகரெட் புகை, விறகடுப்புப் புகை, கொசுவத்தி, ஊதுபத்தி எல்லாம் சேர்த்துத்தான். குளிப்பாட்டியதும் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளில் ஆசையோடு செய்வது. இந்த மூன்று மாதம் அதை நிறுத்திவையுங்கள். கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளலாம்.

வீட்டு வைத்தியம் பற்றி விலாவாரியாகப் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் இப்படி இருமும் குழந்தையைப் பார்த்தால் பாட்டி, அத்தை, எதிர்வீட்டு அக்கா என ஆளுக்கொன்று சொல்வார்கள், எல்லாம் அன்பினால்தான். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தேன் கொடுப்பது தொண்டைக்கு இதம், தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம், பாட்யூலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரலாம். வெதுவெதுப்பான தண்ணீர், துளசி போட்ட நீர் பெரிய பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்யாது, நோயைக் குணப்படுத்தவும் செய்யாது.

வசம்பு உரைத்து ஊற்றுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, சங்கில் மருந்தை வைத்து வாயைத் திறந்து புகட்டுவது இந்த நோயில் உண்மையிலேயே ஆபத்து. மூச்சுக்குத் திணறும் குழந்தையின் நுரையீரலுக்குள் அது போய்விடும், எண்ணெய் போனால் நிமோனியா. தெருவில் விற்று வரும் கழுதைப்பால் கக்குவானுக்குக் கைகண்ட மருந்து என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. காய்ச்சாத எந்தப் பாலும் கைக்குழந்தைக்கு வேண்டாம். தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் விரலையோ குழாயையோ விடுகிறவர்களிடம் குழந்தையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தொண்டையைத் தொட்டாலே அடுக்கிருமல் வரும் நோய் இது.

பாட்டியிடம் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. "டாக்டர் மருந்து முடியிற வரைக்கும் வேற எதுவும் வாயில வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார் அம்மாச்சி, நீங்க மடியில வச்சுப் பிடிச்சுக்கோங்க" என்று சொன்னால் போதும். அவருக்கும் ஒரு வேலை இருக்கும், அந்த வேலை குழந்தைக்கும் தேவை.

படி 7: வீட்டில் மற்றவர்கள்

வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் மற்ற எல்லோருக்கும், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தடுப்பு மருந்தாக அதே ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் தரலாம். நோயாளிக்கு இருமல் தொடங்கிய 21 நாளுக்குள் கொடுத்தால்தான் பலன். கைக்குழந்தையும், பிரசவத்தை நெருங்கும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் இதை வற்புறுத்திக் கேளுங்கள்.

கைக்குழந்தைகளுக்கு இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடிய இடங்களிலெல்லாம் பெரும்பாலும் வீட்டு ஆட்களே கிடைத்திருக்கிறார்கள்: அம்மா, அப்பா, பள்ளிக்கூடம் போகும் அண்ணன், அக்கா, தாத்தா பாட்டி. தடுப்பூசியின் பாதுகாப்பு சில ஆண்டுகளில் குறைந்துவிடுகிறது. நோய் வந்து போனால் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தியும் வாழ்நாள் முழுக்க நிற்பதில்லை. பெரியவர்களுக்கு 'ஊப்' சத்தமெல்லாம் வராது, மூன்று, நான்கு வாரமாக விடாத வறட்டு இருமல், அவ்வளவுதான். குழந்தையைப் பார்க்க வருகிறவருக்கு அப்படி இருமல் இருந்தால் "குணமானதும் வாங்க சித்தப்பா" என்று சொல்லிவிடுவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் தகவல் சொல்லுங்கள். மருந்து 5 நாள் முடிந்ததும், உடம்பு தேறியிருந்தால் அனுப்பலாம்.

படி 8: தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்

இந்தியாவின் அரசு அட்டவணைப்படி கக்குவானுக்கான பாதுகாப்பு பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது: 6-ஆவது, 10-ஆவது, 14-ஆவது வாரம். தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும்தான் இதைத் தொடங்கின. பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு டிபிடி (முக்கூட்டு ஊசி) ஊக்கத் தவணை, 5 முதல் 6 வயதில் இன்னொன்று. எல்லாம் இலவசம். தமிழ்நாட்டில் புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் போடுகிறார்கள். இலங்கையில் பென்டாவேலன்ட் 2, 4, 6 மாதங்களிலும், முக்கூட்டு ஊசி 18 மாதத்திலும் போடப்படுகிறது.

மக்கள் அதிகம் விட்டுவிடுவது ஒன்றரை வயது ஊசியையும் ஐந்து வயது ஊசியையும்தான். முதல் மூன்றையும் போட்டாச்சு, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்ற நினைப்பு. அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், முதலிலிருந்து போட வேண்டியதில்லை. டிபிடி ஊசி 7 வயது வரைதான் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரும், தொடை வீங்கும், குழந்தை அழும். ஓரிரு நாளில் சரியாகிவிடும், செவிலியர் கொடுத்த பாராசிட்டமால் அளவே போதும். தனியார் மருத்துவமனைகளில் 'வலியில்லாத ஊசி' என்று கேட்டு வாங்குவது இதே பாதுகாப்பின் இன்னொரு வகை. அதில் காய்ச்சல் குறைவு, ஆனால் பாதுகாப்பு சற்றுச் சீக்கிரம் குறைகிறது. எதுவானாலும் முழுத் தவணையும் முடிப்பதே பெரிது.

காய்ச்சலுக்குப் பயந்து ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் பார்த்திருக்கிறது. 1974-இல் அங்கே சுமார் 400 பேருக்குத்தான் கக்குவான், ஒரு சாவுகூட இல்லை. ஊசிக்குப் பின் இரண்டு குழந்தைகள் இறந்ததாக எழுந்த அச்சத்தில் 1975-இல் தடுப்பூசியை நிறுத்தினார்கள். பிறகு தொடங்கியும் மக்கள் வரவில்லை. 1979-இல் 13,000 பேருக்கு நோய், 41 சாவு. பிரிட்டனிலும் அதே எழுபதுகளில் இதே பயம் பரவி, ஊசி போடுவது பாதிக்கும் கீழே போய், பெரிய கொள்ளை நோய்களாகத் திரும்பி வந்தது.

கர்ப்பிணிக்கு: பிறந்த குழந்தைக்கு முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரை பாதுகாப்பு தாயிடமிருந்துதான் வர வேண்டும். கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள், கக்குவானுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் டிடாப் ஊசி போட்டுக்கொண்டால் தாயின் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. பிரிட்டனில் 2012-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைத் தொடங்கினார்கள். ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதல் இரண்டு, மூன்று மாதத்தில் இந்த நோய் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிக்குப் போடுவது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி ஊசி. அதில் கக்குவானுக்கான பங்கு இல்லை. டிடாப் வேண்டும் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் நீங்களாகக் கேளுங்கள், தனியாரில் கிடைக்கும், விலை கொஞ்சம் அதிகம். வளைகாப்புச் செலவுக் கணக்கில் முதல் வரியாக இதை எழுதிவையுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

படி 9: தேறி வரும் காலம்

நோட்டில் எழுதிவந்த எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. முதலில் வாந்தி நிற்கும், பிறகு 'ஊப்' சத்தம் மறையும், கடைசியில் இரவு இருமல் குறையும். நடுவில் திடீரென்று காய்ச்சல் ஏறினாலோ, இருமல் இல்லாத நேரத்திலும் மூச்சு வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம், மறுபடி காட்ட வேண்டும்.

முழுக்கக் குணமான சில மாதங்களுக்குள் ஒரு சாதாரணச் சளி பிடித்தால் பழைய அடுக்கிருமல் சத்தத்தோடு திரும்பி வரும். பயப்பட வேண்டாம். கிருமி திரும்பவில்லை, மூச்சுக்குழாய்க்குப் பழைய பழக்கம் இன்னும் விடவில்லை. சளி அடங்கினால் அதுவும் அடங்கும்.

நோய் வந்துவிட்டதே, இனி ஊசி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஒருமுறை வந்ததால் மறுபடி வராது என்று சொல்ல முடியாது, அந்த ஊசியில் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. குழந்தை தேறி, எடை கூட ஆரம்பித்ததும், வருகிற புதன்கிழமை அட்டையோடு போய் விட்டுப்போன தவணையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.